மண் காய்வதற்குள்

கோவளத்தில் பார்லர் வைத்து, முடியும் முகமுமாகவே என் காலம் ஓடிவிட்டது. இப்போது கடையை மகளிடம் விட்டுவிட்டு மதியத்தில் மட்டும் போய் உட்காருகிறேன். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் முதலில் கேட்பது, எண்ணெய் வழிகிற தலைக்கு முல்தானி மிட்டி மண் போடலாமா என்பதைத்தான். தாராளமாகப் போடலாம். ஸ்டெல்லா கதையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

குப்பத்துப் பெண் ஸ்டெல்லா ஒரு மதியம் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தாள். துண்டை எடுத்தால், முடி முழுக்க மண் காய்ந்து, வற்றின ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"இன்னாடி பண்ணி வச்சிகீற?"

"எண்ணெத் தலையாக் கீதேன்னு மண்ணக் கொழச்சிப் பூசினேங்க்கா. கடல் காத்துல அப்டியே தூங்கிட்டேன். சீப்பு போட்டா கொத்துக் கொத்தா வருது. கட் பண்ணி உட்டுடு."

அவள் கணவன் அந்தோணி வளைகுடாவில் மீன்பிடி போட்டில் வேலை செய்கிறவன். இரண்டு வருஷம் கழித்து அன்று சாயங்காலம் வருகிறான். போன வாரம் வீடியோ காலில், "இன்னா மே, தலை எண்ணெச் சட்டியாட்டம் மின்னுது" என்று சும்மா கிண்டல் செய்திருக்கிறான். அது போதாதா? இடுப்பைத் தொடும் முடி. கல்யாணத்திலிருந்தே அவன் கொஞ்சுவது அதைத்தான். அதைப் போய் வெட்டச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது.

"கத்திரியத் தொட மாட்டேன். பேசாமப் படு" என்றேன்.

காய்ந்த மண்ணைச் சீப்பால் ஜெயிக்க முடியாது. ஊற விட வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதனால் கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மண் இளகி, கடை முழுக்கப் புதுமழை வாசனை. மேலே ஃபேன், வெளியே அலை, வாஷ்பேசினில் சொட்டுச் சொட்டாகப் பழுப்புத் தண்ணீர். ஸ்டெல்லா கண்ணை மூடிவிட்டாள். எனக்கும் மணி என்ன, கிழமை என்ன என்பதெல்லாம் மறந்து போயிற்று. அவ்வளவு சுகமான மதியம் அது.

மண் போய்விட்டது, சிக்கு போகவில்லை. என் விரல் மரத்துப்போன நேரத்தில் வாசலில் அந்தோணி பெட்டியோடு நின்றான். ஃப்ளைட் சீக்கிரம் வந்துவிட்டதாம். வீடு பூட்டியிருக்க, பக்கத்து வீட்டில் விசாரித்து வந்திருக்கிறான்.

சத்தம் போட வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினான். கையைக் கழுவிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான். வலையில் சிக்கு எடுக்கிற மாதிரியே நுனியிலிருந்து ஆரம்பித்து, இழுக்காமல், ஒவ்வொரு முடிச்சாகத் தளர்த்தினான்.

"எவ்ளோ முடி மிஞ்சும்க்கா?" என்றாள் ஸ்டெல்லா, கண்ணைத் திறக்காமல்.

"எல்லாம் கீது மே" என்றான் அவன்.

அவள் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் கனவாகிவிடும் என்று பயந்தாளோ என்னவோ. கண்ணோரத்திலிருந்து தண்ணீர் மட்டும் காதுப் பக்கம் இறங்கியது. நான் டீ வாங்கப் போகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே பெண்களே, மண்ணை ஈரம் இருக்கும்போதே அலசிவிடுங்கள். மீறிக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஊற்றிக் காத்திருங்கள். பதறாத காரியம் சிதறாது. எல்லாருக்கும் ஒரு அந்தோணி பெட்டியோடு வந்து நிற்க மாட்டான்.