மூன்றாவது தடவையும் புகை

வேன்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வரும். அன்று புகைப் பரிசோதனை நிலையத்தில் அப்படித்தான் வந்தன.

"பிளக் மாத்தியாச்சு. ஃபில்டர் மாத்தியாச்சு. சென்சாரும் மாத்தியாச்சு. மூணாவது தடவையும் ஃபெயிலா? இன்னும் என்னதான்யா வேணும் உன் மிஷினுக்கு? என்னையே கழட்டி மாட்டணுமா?"

பரிசோதகர் வேனின் புகைக்குழாயிலிருந்து தன் குழலை உருவினார். "மிஷின் உள்ளதைத்தான் சொல்லுது அக்கா."

மருத்துவமனைத் துணிகளைச் சலவைக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறவள் அவள். துணி மடிக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் ஓட்டுநர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, சாவியை எடுத்தவள் பிறகு கீழே வைக்கவில்லை. சலவைக்கூடம் கழித்துவிட்ட ஒரே மாதிரியான பழைய பெட்ரோல் வேன்கள் இரண்டில் ஒன்றை அவளே வாங்கினாள். மற்றதை மெக்கானிக்கான தம்பி வாங்கினான். நாளைக் காலை சான்றிதழ் காட்டாவிட்டால் மருத்துவமனைக்குள் வண்டியை விடமாட்டார்கள்; வேலையும் வேறொருவருக்குப் போய்விடும்.

"சைலன்சருக்கு முன்னால கன்வெர்ட்டர்னு ஒரு டப்பா இருக்கும். புகையில இருக்கிற விஷத்தை எரிக்கறது அதுதான். அதுல யாராவது கை வச்சாங்களா?"

"என் வண்டியில என் தம்பியைத் தவிர எவனும் கை வைக்க மாட்டான்" என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே சுருக்கென்றது.

தம்பியின் பட்டறையில் வேனை நிறுத்தி, தரையில் படுத்து, ஸ்பேனரால் அந்த டப்பாவைத் தட்டினாள். காலித் தகரம் போல ஒலித்தது. பக்கத்தில் நின்ற தம்பியின் வேனிலும் தட்டிப் பார்த்தாள். அது நிறைந்த டப்பா. 'டொக்' என்றதோடு சரி.

"உள்ள இருந்தது எங்கடா?"

தம்பி கையைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "மேட்டுல இழுக்கலைன்னு நீதானே புலம்பினே? அது அடைச்சிருந்துச்சு. போன வருஷம் டெஸ்ட் பாஸான கையோட இடிச்சுக் கொட்டிட்டேன். அப்புறம் வண்டி குதிரை மாதிரி போகலையா?"

"அப்ப பிளக்கையும் சென்சாரையும் என்னத்துக்குடா மாத்தினே?"

"எப்படியாவது பாஸாயிடும்னு பாத்தேன். உனக்கு எதுக்குக்கா இந்தத் தலைவலி?"

உனக்கு எதுக்கு! அவள் சாவியை எடுத்த அன்றும் இதைத்தான் கேட்டான். வேனை வாங்கிய அன்றும் இதைத்தான்.

"உன் வண்டியில இருக்கறதைக் கழட்டு."

"அக்கா! அப்ப என் வண்டி?"

"புதுசு வாங்கி மாட்டு. அதுவரைக்கும் நடந்து போ. உடம்பு குதிரை மாதிரி ஆகும்."

துருவேறிய போல்ட்டுகள் லேசில் அசையவில்லை. அவன் முனக முனக, அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "இது என்ன? இது எதுக்கு?" என்று குடைந்தெடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

நிலையத்தின் கதவைச் சாத்துகிற நேரத்தில் வேன் உள்ளே நுழைந்தது. இந்தத் தடவை மிஷின் முரண்டு பிடிக்கவில்லை. பரிசோதகர் சான்றிதழை நீட்டியபடி, "அடுத்த மாசம் ஆயிலை மாத்திடச் சொல்லுங்க தம்பிகிட்ட" என்றார்.

"எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க" என்றாள் அவள், ஒவ்வொரு வார்த்தையாக.