ராகு காலம் எனக்கு, நல்ல நேரம் வரதனுக்கு

போன வெள்ளிக்கிழமை என் சொந்தத் தங்கை வசந்தாவுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஃப்ளாஷ் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். போட்டோ எடுத்தவன் வரதன்.

பத்து வருஷமாக போட்டோகிராஃபர் என்று போர்டு மாட்டியிருக்கிறவன் நான். அண்ணன்காரன் வேறு. எனக்கு ஏன் இந்த விளக்கு உத்தியோகம்?

சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

காந்தி ரோட்டில் பட்டுக்கடை மாடியில் ஓர் அறை. கூரையில் பாதி கண்ணாடி. வெளிச்சம் பால் மாதிரி இறங்கும். தனியாக வாடகைக்கு எடுக்க எனக்கும் வக்கில்லை, வரதனுக்கும் வக்கில்லை. ஆகவே கூட்டு. ஒரே நாற்காலி, ஒரே திரை — தாமரைக் குளமும் இரண்டு அன்னமும் — ஒரே இருட்டறை. படத்துக்குப் பின்னால் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப்கூட ஒன்றுதான்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? வரதன் சுவரில் இருந்த நாள்காட்டியைக் காட்டினான்.

"நீதான் பகுத்தறிவாளனாச்சே. ராகு காலம், எமகண்டம்லாம் நம்பாதவன். அதெல்லாம் நீ வெச்சிக்கோ. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

முடியாது என்றால் கொள்கை போச்சு! சரி என்றேன். பொழுது விடிந்தால் மேடையில் ஏறி மூடநம்பிக்கையைக் கிழிக்கிற வாய் அல்லவா?

காஞ்சிபுரத்தில் எந்தத் தாயார் ராகு காலத்தில் பெண்ணைப் படமெடுக்கக் கூட்டிக்கொண்டு வருவாள்? கல்யாணப் பெண்கள், சஷ்டியப்தபூர்த்தித் தம்பதிகள், மொட்டையடிப்பதற்கு முந்தைய குழந்தைகள் எல்லாம் வரதனுக்கு. எனக்கு அடையாள அட்டைக்காரர்கள். அப்புறம், கட்சி நண்பர்கள். நண்பர்கள் காசு கொடுப்பார்களா என்ன?

சரி, பிழைப்பை விடுங்கள். விஷயம் வசந்தாவுடையது.

அவளை இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "போட்டோல பாத்தது வேற பொண்ணாட்டம் இருக்குது" என்று பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். படம் இரண்டும் வரதன் எடுத்தவை. அவனுக்கு நெகட்டிவில் பென்சில் பிடிக்காவிட்டால் கை அரிக்கும். கறுப்பைச் சிவப்பாக்குவான். மூக்கைச் செதுக்குவான். வசந்தாவின் மோவாயில் இருந்த தழும்பு இரண்டு தடவையும் காணாமல் போயிருந்தது. நேரில் வந்தவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவள் தறியில் உட்காரும்போதுகூடத் தலை நிமிர்வதில்லை.

மூன்றாவதாக ஆரணியில் ஒரு வரன். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அம்மா அழுதாள். "நான் எடுக்கிறேம்மா" என்றேன்.

"உன் நேரத்துலயா? வாயக் கழுவுப்பா!"

புதன்கிழமை வரதனிடமே அழைத்துப் போனாள். புடவை கட்டி, பூ வைத்து, வந்து சேரும்போது மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். பன்னிரண்டுக்கு ராகு காலம். அதாவது, என் காலம்!

"சீக்கிரம் உக்காரும்மா, ராகு வந்துக்கினு இருக்குது!" வரதன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். அம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து "ஆச்சா? ஆச்சா?" என்று பறந்தாள். பதறியதில் வசந்தா கண்ணை மூடினாள். அதே நொடியில் இவன் க்ளிக்கினான். இன்னொன்று எடுக்க நேரமில்லை.

கண் மூடிய படத்தை என்ன செய்தான் என்கிறீர்கள்? பிரிண்டில் கண்ணை வரைந்தான்! புது வீட்டு வாசலில் கட்டுகிற திருஷ்டி பொம்மை தோற்றது. "கண்ணு லட்சணமா இருக்குது" என்று அம்மா உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தபாலில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தாள்.

வசந்தா வாசல்வரை வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு உன் நேரத்துல வரேன். எந்த நேரத்துல எடுத்தாலும் என் மூஞ்சி இதான். தழும்போட எடு. புடிச்சா வரட்டும்."

வியாழக்கிழமை இரண்டு மணி, சுத்தமான ராகு காலம். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கூரைக் கண்ணாடி வழியே அவ்வளவு மெதுவான வெளிச்சம். வசந்தா நேராகப் பார்த்தாள். நான் பென்சிலைத் தொடவில்லை. உறையில் படத்தை மாற்றி அனுப்பினேன்.

ஆரணிக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வசந்தாவின் மோவாயைத் தொட்டு, "போட்டோல பாத்த அதே பொண்ணு!" என்றாள். அன்றைக்கே தட்டு மாற்றினார்கள். நான் கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேன்தான், அதிலென்ன?

அம்மாவோ ஊரெல்லாம் சொன்னாள்: "வரதன் நல்ல நேரத்துல எடுத்த போட்டோ. அதான் கூடி வந்துச்சு."

மறுநாள் வரதன் ஒரு நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி வந்தான். இருட்டறை ஒன்று என்றால் ரகசியம் மட்டும் இரண்டா இருக்கும்?

"இன்னாப்பா இது? ராகு காலத்துல எடுத்ததுன்னு உங்கம்மாகிட்ட சொல்லட்டா?"

சொன்னால்? அம்மா கல்யாணத்தையே நிறுத்திவிடுவாள்.

"வேணாம்பா."

"அப்ப கல்யாண ஆர்டர்?"

"நீயே எடு."

"ஃப்ளாஷ் புடிக்க ஆள் இல்லியே..." என்று இழுத்தான், படுபாவி.

பிடித்தேன். மேடையிலிருந்து வசந்தா என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை சிரித்தாள். அந்தச் சமயம் பார்த்து வரதன் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தான்.

இனி எழுதினால் ஆபத்தில்லை. தாலி ஏறிவிட்டது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகையில் வருகிற என் பத்தியை வாரா வாரம் அவளுக்குப் படித்துக் காட்டுகிறவள் ஆரணிக்குப் போய்விட்டாள்.

இதைத் தபாலில் போட இன்று, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் செருப்பை மாட்டினேன். ராகு காலம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்... தங்கச்சி விஷயம் பாருங்கள்.