புருவம் தூக்கியதற்கு இரண்டு பல்

நெக்ரோஸ் தீவில் வழி கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்டுவதில்லை. உதட்டைக் குவித்து, முத்தம் கொடுப்பதுபோல் அந்தத் திசைக்கு நீட்டுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு ஒரே சிரிப்பு. பிலிப்பைன்ஸில் இப்போது ராணுவச் சட்டம். ஆனால் எங்கள் கரும்புத் தோட்டத்தில் சட்டம் என்றால் அது அமோதான். அமோ என்றால் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவர் குடும்பத்துக்கு முன்வரிசையில் மெத்தை போட்ட இருக்கை. கரும்பு வெட்டுகிறவர்கள் வாசலோரம் நின்றே பூசை பார்க்கிறார்கள். ஆலைக் கெமிஸ்டான எனக்கு இரண்டாம் வரிசை. நான் கும்பிடுவது முருகனை என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டின் கூலி லயத்தில் பிறந்தவனுக்கு இரண்டாம் வரிசை கிடைத்தால் முதுகு தானாக நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது.

போன மாதம் ஆலை வாசலில் ஒரு லாரிக் கரும்பு வாடிக் கிடந்தது. ஏற்றி வந்த தொனியோவிடம், "இது முந்தாநாள் வெட்டியதா?" என்று கேட்டேன். தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு இரண்டு புருவத்தையும் தூக்கினான். மறுபடி கேட்டேன். மறுபடியும் தூக்கினான். நக்கல் செய்கிறான் என்று எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கத்தினேன். காவலாளி ஓடி வந்தான். என்ன ஏது என்று கேட்காமல் துப்பாக்கிக் கட்டையால் தொனியோவின் வாயில் இடித்தான். விழுந்தவனின் விலாவில் பூட்ஸ் காலால் மிதித்தான். கரும்புச் சோகையில் ரத்தத்தோடு இரண்டு பற்கள் கிடந்தன.

"புருவத்தைத் தூக்கினா ஆமாம்னு அர்த்தம், சர்," என்றான் காவலாளி, கட்டையைத் துடைத்தபடி.

"தெரிஞ்சேவா அடிச்சே?"

"நீங்க கோபப்பட்டீங்களே, சர்."

துரை முன்னால் முகத்தை நிமிர்த்தக்கூடாது என்று வளர்ந்தவன் நான். அதனால்தான் புருவம் உயர்ந்ததே எனக்குக் குற்றமாகப் பட்டது. எங்கள் எஸ்டேட்டில் துரையின் ஜீப் வந்தால் குடையை மடக்கிவிட்டு வாய்க்காலில் இறங்கி நிற்க வேண்டும். பாலிடெக்னிக் லீவில் நான் வந்திருந்தபோது ஒருநாள் நல்ல மழை. ஜீப் வந்ததை அப்பா கவனிக்கவில்லை. "ஏலே, தொர வாராரு, குடையப் புடிச்சிக்கிட்டு நிமிந்து பாக்கியோ?" என்று கங்காணி அந்தக் குடையைப் பிடுங்கி, கம்பி நெளியும்வரை அதாலேயே அடித்தார். அப்பாவின் காது மடல் கிழிந்து தொங்கியது. நான் கல்லைத் தூக்கினேன். தரையில் கிடந்த அப்பா என் காலைப் பிடித்துக்கொண்டார். "கீழ போடுலே. தப்பு எம்மேலதான்." அந்தக் கங்காணியை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் மாலை மருந்தோடு தொனியோவின் குடிசைக்குப் போனேன். அவர்கள் மொழியில் மன்னிப்புக் கேட்கும் வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என்னைக் கண்டதும் அவன் மனைவி பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தொனியோ விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டான். நான் வாய் திறக்கும் முன் வீங்கிய உதட்டால், "பசென்சியா, சர்" என்றான். நான் சொல்ல வந்த வார்த்தை அதுதான். தரையில் அவனோடு உட்காரப் போனேன், பதறித் தடுத்தான். நாற்காலியில் உட்கார எனக்கு உடம்பு கூசியது. கூரை தலையில் இடிக்க, குனிந்து நின்றேன். நான் உட்காராததால் அவர்களும் உட்காரவில்லை.