கோழிக்கூண்டின் நிழல்

நவாரே கடற்கரையில் ஜெனீவா பர்விஸை எல்லோருக்கும் தெரியும். பள்ளி நடக்கும் நாட்களில் பிள்ளைகளை ஏற்றும் மஞ்சள் பேருந்து ஓட்டுவாள். மற்ற நாட்களில் மிதித்து ஓட்டும் கயாக் என்ற சிறு படகில் அலையைத் தாண்டிப் போய், மோட்டார் படகுக்காரர்கள் வயிறெரியும்படி மீனோடு திரும்புவாள்.

எங்கே கிடைத்தது என்று கேட்டால், "தண்ணியிலதான்" என்பாள். அந்தக் கரையில் அதுவே மரியாதையான பதில். மீன் கிடைக்கும் இடத்துக்கு அங்கே 'நம்பர்' என்று பெயர், ஜி.பி.எஸ். காட்டும் எண்கள் அவை. சம்பளத்தைச் சொல்பவர்கள்கூட நம்பரைச் சொல்ல மாட்டார்கள்.

ஜெனீவாவின் நம்பரில் கிடந்தவை கோழிக்கூண்டுகள். பண்ணையில் கழித்துப்போட்ட இரும்புக் கூண்டுகளைச் சேர்த்துக் கட்டி, முறைப்படி அனுமதி வாங்கி, அவளும் தம்பி ராய்ஸும் கடலில் இறக்கியிருந்தார்கள். சிவப்பு ஸ்னாப்பர் மீன்கள் அதைத் தங்கள் வீடாக்கிக்கொண்டன. போன வருடப் புயலுக்குப் பிறகு அதே நம்பருக்குப் போய்ப் பார்த்தால் வெறும் மணல்.

"மணல் மூடிருச்சுக்கா, விட்டுத்தள்ளு" என்றான் ராய்ஸ். அவனிடம் இரட்டை எஞ்சின் படகு இருந்தது. "சனிக்கிழமை ஸ்னாப்பர் பிடிக்கிற சீசன் தொடங்குது. பேசாம என் படகுல வா. எல்லாரும் போற பாறைக்கே போவோம்."

"ஊரே முட்டி மோதுற இடத்துக்கா? சந்தைக் கடையில நின்னு மீன் பிடிக்கச் சொல்றியா?"

"சரி, சனிக்கிழமைக்குள்ள கூண்டைக் கண்டுபிடி. முடியலன்னா என் படகுல ஏறு. தூண்டிலுக்கு இரை வெட்டுற வேலை உனக்குத்தான்."

"கண்டுபிடிச்சா?"

"வாயை மூடிக்கிட்டு உன் பின்னால வரேன்."

"நீ வாயை மூடுறதா? அதுக்காகவே தேடலாம்."

பழைய மீன்காட்டிக் கருவியை உப்பு அரித்துவிட்டிருந்தது. புதிது வாங்கக் கடைக்குப் போனாள். கடைக்காரர் லாமர் முதலில் நீட்டியது, மீன் நீந்துவதை அப்படியே படமாகக் காட்டும் நேரலைச் சோனார்.

"இப்ப எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, ஜெனீவா. இரை இறங்குறதும் தெரியும், மீன் மோந்து பாக்குறதும் தெரியும்."

"அது மீனோட வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்த பிறகு வேணும். எனக்கு வீடே எங்கன்னு தெரியலையே."

"பேட்டரியும் பெருசு" என்று லாமரே ஒத்துக்கொண்டார்.

பக்கவாட்டில் இருபுறமும் தரையைப் படம்பிடிக்கும் கருவியை எடுத்தாள். ஒரு தடவை போனால் அகலமான பட்டையாகக் கடலடி தெரியும். திரையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒலியனுப்பும் முனை கயாக்கின் அடித்துளைக்குள் அடங்குகிறதா, மணலில் இழுக்கும்போது நசுங்காதா என்று கேட்டாள். பிறகுதான் வாங்கினாள்.

வியாழக்கிழமை கடல் தட்டையாக இருந்தது. பழைய நம்பருக்குப் போய், பழக்க தோஷத்தில் நேர்கீழே பார்க்கும் திரையைத் திறந்தாள். தடித்த கோடு ஒன்று திரை முழுக்க நீண்டது. கலவா மீன்! அதுவும் பன்றிக்குட்டி அளவு. மிதிப்பதை நிறுத்தி, இரையை இறக்கிக் காத்திருந்தாள். கோடு நகரவில்லை, மீன் தொடவுமில்லை. கடைசியில் எட்டிக் கீழே பார்த்தாள். கயாக்கின் நிழலில் விரல் நீள மீன் ஒன்று சுகமாக ஒண்டிக்கொண்டிருந்தது.

"நீதானா அந்தப் பன்றிக்குட்டி?" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

வேகப் படகின் திரையில் மீன் சட்டென வந்து போகும். கயாக் மெதுவாகப் போவதால், கூடவே வரும் பொடிமீன்கூட முடிவில்லாத கோடாகிவிடும். கயாக்குக்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இப்படி ஏமாந்திருப்பார்கள். யாரும் வெளியே சொல்வதில்லை.

பக்கவாட்டுத் திரைக்கு மாறினாள். கூர்மையான படம் தரும் உயர் அலைவரிசை எழுபதடி ஆழத்தில் மங்கியது. ஒரு படி கீழிறக்கினாள். மிதி ஏறி இறங்கினால் படம் இழுபடும், வளைந்தால் கோணும். ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போவதுதான் வித்தை. காலைதோறும் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, குலுங்காமல் பஸ் ஓட்டுகிறவளுக்கு அது பெரிய காரியமா? மேற்கே போய்த் திரும்பி, அடுத்த வரிசையில் கிழக்கே வந்தாள். புல் வெட்டுகிற மாதிரி வரிசை வரிசையாகத் தேடினாள்.

மணல் அலைகள், மணல் அலைகள். பிறகு மேற்குக் கோடியில் ஒரு கறுப்பு நிழல். அதன் ஓரம் நேர்கோடு. பக்கத்திலேயே இன்னொரு நேர்கோடு, மூலை மடித்து. கடல் எதையும் சதுரமாகச் செய்யாது என்பது அவளுக்குத் தெரியும். கூண்டுகள் பாதி மணலில் புதைந்து, பாதி நிமிர்ந்து நின்றன. அவற்றுக்கு மேலே அரிசி சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிழலும் அதைவிட்டு விலகித் தரையில் விழுந்திருந்தது. தரையிலிருந்து எழும்பி நிற்கும் மீன்கள்.

சீசன் தொடங்காததால் தூண்டிலை இறக்கவில்லை. புதிய நம்பரைப் பதிந்தாள், பழையதை அழித்தாள்.

கரைக்கு வந்ததும் ராய்ஸின் போன். "என்னக்கா, கத்தி தீட்டி வெச்சிருக்கேன். இரை வெட்ட எத்தனை மணிக்கு வர்ற?"

"விடியறதுக்கு முன்னால கரைக்கு வா. என் பின்னாலயே வரணும்."

"நிஜமாவா? நம்பர் சொல்லு."

"வாயை மூடிக்கிட்டு வரேன்னு சொன்னது யாரு?"

சனிக்கிழமை விடியலில் ஜெனீவா மிதித்தாள். இரட்டை எஞ்சின் படகு நடைவேகத்தில் முக்கிக்கொண்டே பின்னால் வந்தது. இடம் வந்ததும் கையை உயர்த்தினாள்.

"எஞ்சினை நிறுத்துடா. மீன் மிரளும்."

எஞ்சின் நின்றது. ஜெனீவா இறக்கிய இரை அடியைத் தொடும் முன்பே தூண்டில் வளைந்து, கயாக்கின் மூக்கையே திருப்பியது. அவள் கால்களை அகட்டி ஊன்றித் தூண்டில் நூலைச் சுற்றினாள். தண்ணீருக்கடியில் சிவப்பு மின்னியது.

"அக்கா!" என்று கத்தினான் ராய்ஸ்.

"பேசாதே" என்றாள் ஜெனீவா. "வலையை நீட்டு."