அம்சா வெட்டிய மடை

திண்டிவனத்துக்கு வெளியே அரசாங்கம் கட்டும் அடுக்குமாடி வீடுகளில், புதிதாகப் போட்ட தளத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது அம்சாவின் வேலை. ஈரம் காயக்கூடாது, காய்ந்தால் விரிசல் விடும், மழைக்கு ஒழுகும். அதே மேல்மாடியில் அவளுக்கும் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். ஒழுகினால் அவள் தலையில்தான் ஒழுகும்.

சித்திரை வெயிலில் கட்டட வேலைக்கான போர்வெல் மோட்டார் ஓட ஓட, பக்கத்துத் தெரு அடிபம்பில் வெறும் காற்றுதான் வந்தது. அம்சா குடியிருப்பதும் அந்தத் தெருவில்தான். பெண்கள் திரண்டு வந்து மோட்டாரை நிறுத்தினார்கள். முன்னால் நின்றவள் எதிர்வீட்டு ராஜாமணி.

"காலைல ஒரு வாட்டி மட்டும் வுடுக்கா. பாத்தி கட்டி நிப்பாட்டிக்கிறேன். மோட்டார் ரூம் சாவிய நீயே வச்சிக்க," என்றாள் அம்சா. மேஸ்திரி செல்வகுமார் முறைத்துக்கொண்டே சாவியை ராஜாமணியிடம் கொடுத்தார்.

தளத்தின் மேல் சிமெண்ட் கலவையால் வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் தேக்கினாள். பம்பிலும் தண்ணீர் வரத் தொடங்கியது. அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு பாத்திக்கும் ஹோஸை இழுப்பானேன் என்று ஒருநாள் காலையில், ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் பாய வரப்புகளில் மடை வெட்டிவிட்டாள். மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய கை சும்மா இருக்குமா? மழைநீர் வடியத் தளத்தைச் சாய்வாகப் போட்டிருந்தது நினைவில்லை. மத்தியானம் வந்து பார்த்தால், தண்ணீரெல்லாம் தாழ்ந்த மூலைக்கு ஓடி வழிந்து போயிருந்தது. மேட்டுப் பாத்திகள் வெளுத்துக் கிடந்தன.

ராஜாமணியிடம் ஓடினாள். "மடை வெட்டிட்டேன்க்கா, எல்லாம் ஓடிப்போச்சு. இன்னொரு வாட்டி மோட்டார் போடணும்."

"தெருவே கொடத்த வச்சிக்கினு நிக்குது. சாவி தர முடியாது."

சொன்னது நியாயம்தான். அதனாலேயே அம்சாவுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது. மாடியேறி, மூலையில் மிச்சமிருந்ததைக் கலவை சுமக்கும் பாண்டில் அள்ளி ஊற்றினாள். இரண்டு பாத்திக்குக்கூடப் போதவில்லை.

படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. இடுப்பில் குடத்தோடு ராஜாமணி.

"சாவி தெருவோடது, அத்த தர முடியாது. இது என் வூட்டுத் தண்ணி," என்றபடி காய்ந்த பாத்தியில் குடத்தைச் சாய்க்கக் குனிந்தவள், நிறுத்தினாள். "மொதல்ல மடைய அடச்சிடு."

ராத்திரி உலைக்கு வைத்திருந்த தண்ணீர் அது என்று அம்சாவுக்குத் தெரியும். கலவை குழைக்க நேரமில்லை. ஈரச் சாக்கைச் சுருட்டி மடையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.