படத்தை மறைத்த பிடரி

அத்தானைப் பற்றித் தெரிந்துகொள்ள அக்காவின் கல்யாண ஆல்பம் போதும். மாப்பிள்ளை ஒரு படத்தில்கூடப் பெண்ணைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரு கையைத் தூக்கி, 'இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்' என்று போட்டோக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அக்கா, கடைசி பஸ் வருமா வராதா என்ற முகத்தோடு நிற்கிறாள். பந்தியில் எடுத்த படத்திலும் வாய் நிறையச் சாப்பாடு, காற்றில் விரல். அந்தப் போட்டோக்காரர் பிறகு தொழிலை விட்டு அலங்கார மீன்கடை வைத்துவிட்டார் என்று கேள்வி. அதற்கு அத்தான்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மீன்கள் யோசனை சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைத்தெருவில் ஒரு பல் டாக்டருக்கும் சாவி செய்கிறவருக்கும் நடுவில் ஒடுங்கி, ரயில் பெட்டிபோல உள்ளே நீண்டுகொண்டே போகும். கடைசியில் கண் பரிசோதனை அறை. இருட்டு. அதன் கோடியில் சுவரில் ஒரு விளக்குப் பெட்டி; அதில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாகி எறும்புபோல முடியும். வருகிறவரை உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லை வில்லையாகப் போட்டுக் கேட்பார்: "இது தெளிவா? இல்ல, இதுவா?"

தப்பாகச் சொன்னால் திட்டுவாரோ என்ற பயத்தில் எல்லோரும் இரண்டாவதையே சொல்வார்கள். "அதான் நானும் நினைச்சேன்" என்பார். தான் நினைத்ததே சரி என்று நாள் முழுக்க ஊரார் வாயால் கேட்டுப் பழகிய மனிதர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி மாறுவார்?

ஞாயிறு மாலை அந்த அறையில் புகைப்படக் குழு கூடும். குழு என்றால் ஒரு தையல்காரர், ஒரு நர்ஸ், ஒரு டிரில் மாஸ்டர், நான், வந்து போகிற இன்னும் சிலர். யாருக்கும் இது பிழைப்பு இல்லை, ஆசைக்கு எடுப்பவர்கள். குழுவின் சட்டதிட்டங்கள் அத்தானுடையவை. படத்தைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவர வேண்டும். பின்பக்கம் பெயர். அது விளக்குப் பெட்டியின் மேல் கிளிப்பில் தொங்கும். பேசி முடிக்கும்வரை திருப்பிப் பார்க்கக் கூடாது. எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. குறை சொல்கிறவர் முதலில் இரண்டு நல்லது சொல்லி, பிறகு 'ஆனா' என்று ஆரம்பித்துக் குறையைச் சொல்லி, அதற்கு ஒரு மருந்தும் சொல்ல வேண்டும். எடுத்தவர் எழுந்து நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வாரம் திருத்திக் கொண்டுவர வேண்டும். படம் தேறினால் நாற்காலியும் குறை சொல்கிற உரிமையும். அதுவரை சுவரோரம் நிற்க வேண்டியதுதான்.

நல்ல சட்டம்தான். தொல்லை என்னவென்றால், அத்தானுக்கு அந்த இரண்டு நல்லதும் கசாயத்துக்கு முன்னால் காட்டுகிற சர்க்கரை. "வெளிச்சம் நல்லாருக்கு, தாள் நல்லாருக்கு, ஆனா..." என்று நிறுத்துவார். அந்த இடைவெளியில் விளக்குப் பெட்டி முன்னால் திரும்பி நின்று, 'ட' போல வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைப் படத்தின் மேல் நகர்த்துவார். அட்டைகளுக்கு உள்ளே இருப்பது பிழைக்கும். வெளியே இருப்பது செத்தது. எங்களுக்குத் தெரிவது அவருடைய முதுகும் பிடரியும்தான். 'ஆனா சார்' என்று அவருக்குப் பெயர் வைத்தவர் தையல்காரர்.

தையல்காரர் மேகங்களை மட்டுமே எடுப்பார். ஒருமுறை அத்தான் சொன்னார்: "ஆனா, இந்தக் குட்டி மேகம் கொஞ்சம் இடது பக்கம் இருந்திருக்கணும்."

"அடுத்த தடவ சொல்லிவைக்கிறேன் சார்" என்றார் தையல்காரர்.

இன்னொரு முறை நர்ஸ் ஒரு படம் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரம், நடுவில் காலியான சக்கர நாற்காலி.

"ஆனா, நாற்காலியில ஆள் இல்லையே. மனுஷன் இல்லாத படம் மேஜை விற்கிற கடைப் படம் மாதிரி."

பேசக் கூடாது என்ற சட்டத்தை நர்ஸ் மீறினார். "இருந்தாங்க சார். குணமாகி நடந்தே வீட்டுக்குப் போயிட்டாங்க. அந்தச் சந்தோஷத்துலதான் எடுத்தேன்."

"அது படத்துல இல்லையேம்மா" என்றார் அத்தான்.

இதுதான் அவரிடம் பொறுக்க முடியாதது. எப்போதாவது அவர் சொல்வது சரியாக இருந்து தொலைக்கும். முழு முட்டாளை எளிதாக வெறுத்துவிடலாம். அத்தான் அந்த வசதியைக்கூடத் தருவதில்லை.

அவரிடம் விலை உயர்ந்த கேமரா ஒன்று உண்டு. ஈரம் பிடிக்காமலிருக்க மருந்துப் பொட்டலங்களோடு கண்ணாடி அலமாரியில் படுத்திருக்கும். தன் படத்தை அவர் ஒருநாளும் பெட்டியில் மாட்டியதில்லை. கேட்டால், "நான் கொண்டாந்தா உங்களுக்கெல்லாம் எடுக்கிற ஆசையே விட்டுப்போயிடும்" என்பார். அவ்வளவு இரக்கம்.

அக்காவுக்கு அந்த அறையில் வேலை நிறைய. நாற்காலி போடுவது, பெட்டியைத் துடைப்பது, டீ கொண்டுவருவது. தட்டோடு வாசலில் நின்று படங்களைப் பார்ப்பாள். ஒருநாள் டீயை வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நானும் ஒரு படம் கொண்டாரட்டுமா?"

"நீயா? மூக்குல கண்ணாடிய மாட்டிக்கிட்டே வீடெல்லாம் கண்ணாடியத் தேடுறவ நீ. உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

டீயைக் கையில் வாங்கிவிட்டதால் எல்லோரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள்: "தம்பி, எனக்கு அந்த ரூமுல ஒரு நாற்காலி வேணும்டா. அவரு பாவம் பார்த்துக் குடுக்கிறது வேணாம். அவரு போட்ட சட்டப்படியே வேணும்."

அதன் பிறகு அவள் கைபேசி ஓயவில்லை. கொடியில் காயும் சட்டை, சாவிக்கடைக்காரரின் கட்டைவிரல், மழையில் நனைந்த செருப்புகள். எதைக் காட்டினாலும் நன்றாகவே இருந்தது. அவளுக்கோ எதுவும் போதவில்லை. கடைசியில் ஒருநாள், முதியோர் இல்லத்தில் எடுத்ததைக் காட்டினாள். அத்தான் அவ்வப்போது அங்கே போய்க் கண்ணாடி பொருத்திவிட்டு வருவார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா பின்னால் போவாள்.

படத்தில், ஒரு ஜன்னலோரம். முன்னால், இடது பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மனிதரின் பின்னந்தலை, பிடரி, வெள்ளைச் சட்டை. அவருடைய இரண்டு கைகள் முன்னே நீண்டு, எதிரே இருக்கும் ஒரு கிழவியின் முகத்தில் கண்ணாடியை மாட்டுகின்றன. கிழவி அப்போதுதான் பார்க்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறையில் யாரோ விளக்கைப் போட்டதுபோல ஒரு முகம்.

"அக்கா, இதான்" என்றேன்.

"அவரு கண்டுபிடிச்சுடுவாரே."

நானும் அப்படித்தான் பயந்தேன். அத்தானைக் குறைவாக எடைபோட்டுவிட்டோம். அவருக்கு முகங்கள் என்றால் ஒரு மூக்கும் இரண்டு காதும். அவற்றின் மேல் சட்டம் நேராக நிற்கிறதா என்பதோடு சரி. அந்தக் கிழவியை மறுநாள் தெருவில் பார்த்தாலும் தெரியாது. தன் தலையாவது தெரியுமா என்றால், கடை முழுக்கக் கண்ணாடி, எல்லாம் முகம் பார்க்கிற கண்ணாடி. காலையில் முடியை முன்னால் வாரி நெற்றியை மூடிக்கொள்வார்; தலை நிறைய முடி என்று நிம்மதியாகக் கடை திறப்பார். பின்னால் நிலவரம் என்ன என்று வீட்டில் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

படத்தைக் கறுப்புவெள்ளையில் அச்சடித்து, அக்கா தன் பெயரைப் பின்னால் எழுத, ஞாயிறு நான் கொண்டுபோய் மாட்டினேன்.

அத்தான் எழுந்து போய்ப் பெட்டிமுன் நின்றார். அப்போதுதான் அதைப் பார்த்தோம். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பிடரிகள். ஒன்று தாளில், ஒன்று தாளுக்கு முன்னால். கழுத்து மடிப்பு அதே. காதுக்குப் பின்னால் மிச்சமிருந்த முடி அதே. மேலே வட்டமாகப் பளபளத்த இடம் அதே. டிரில் மாஸ்டருக்கு இருமல் வந்தது. நர்ஸ் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஜன்னல் வெளிச்சம் நல்லாருக்கு. கிழவி முகம் ரொம்ப நல்லாருக்கு. ஆனா..." அட்டைகள் நகர்ந்தன. "முன்னாடி யாரு இந்த மொட்டை? பாதிப் படத்த அடைச்சுக்கிட்டு எருமை மாதிரி நிக்கிறான்."

அத்தான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன மாஸ்டர், நீங்க சொல்லுங்க."

"எனக்கு... அவரு இருக்கலாம்னு தோணுது சார்."

"எதுக்கு இருக்கணும்? அவனால என்ன பிரயோஜனம்? எடுத்தவங்களுக்கே அவன் மேல ஒரு பிடிப்பும் இல்ல, பாருங்க. ஏதோ குறுக்க வந்துட்டான், விட்டுட்டாங்க."

வாசலில் தட்டோடு நின்ற அக்கா கேட்டாள்: "அவர வெட்டிட்டா படம் தேறுமா?"

"உனக்கு எதுக்கு? டீ ஆறுது." பிறகு எங்களைப் பார்த்து, "தேறும். அடுத்த வாரம் வெட்டிக் கொண்டாரட்டும்" என்றார்.

பெயரைத் திருப்பிப் பார்க்க வேண்டிய நேரம். தையல்காரர் சட்டென்று எழுந்து, "திருத்திக் கொண்டாந்த பிறகு பார்த்துக்கலாம் சார், ஒரேயடியா" என்று படத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவருக்கு மேகம் தவிர மற்றதும் தெரியும்.

வீட்டில் அக்கா படத்தைச் சமையல் மேடையில் பரப்பி வைத்தாள்.

"வேணாங்க்கா. படமே அவருதான். அவர வெட்டுனா என்ன மிச்சம்?"

பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோலால் ஒரே நேர்க்கோட்டில் வெட்டினாள். பிடரி ஒரு பக்கம் விழுந்தது. மறுபக்கம் கிழவியின் முகமும், எங்கிருந்தோ நீண்டு வரும் இரண்டு கைகளும். யார் கை என்று தெரியாததால் அந்தக் கைகளே பெரிதாகிவிட்டன. எரிச்சலான விஷயம்தான், படம் முன்பைவிட நன்றாக இருந்தது.

அக்கா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அவரு சொன்னது சரிதான்டா" என்றாள். "அவரு இல்லாம நல்லாத்தான் இருக்கு."

அடுத்த ஞாயிறு அத்தான் அட்டைகளை எடுக்கவேயில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பாருங்க. இதத்தான் நான் சொன்னேன். ஒரு ஆளத் தூக்கினேன், படத்துக்கு உயிர் வந்துடுச்சு. தேறிடுச்சு. யாரு எடுத்தது?" அவரே படத்தைத் திருப்பினார். படித்தார். இன்னொரு முறை படித்தார்.

அக்கா டீத்தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "நன்றிங்க" என்றாள்.

"நீயா? இது எங்க எடுத்தது?"

"முதியோர் இல்லத்துல."

அத்தான் படத்தை மறுபடி பார்த்தார். இந்த முறை கைகளை. பிறகு தன் கைகளை. தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. "அந்த மொட்டை நீங்கதான் சார்" என்றார், அளவு சொல்கிற குரலில்.

அத்தானின் கை மெதுவாகப் பின்னந்தலைக்குப் போனது. அங்கே எதையோ தேடியது. கிடைக்காமல் திரும்பி வந்தது. அப்போதாவது சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் எல்லோரும் சேர்ந்து சிரித்து, அவரை மன்னித்திருப்போம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "படத்துக்கு நல்லதுன்னா நான் யாரையும் பார்க்க மாட்டேன், என்னையும்தான்" என்றார். தியாகியாகிவிட்டார்.

டிரில் மாஸ்டர் எழுந்து ஒரு நாற்காலியை விரித்துப் போட்டார். அக்கா உட்கார்ந்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, அடுத்த படத்துக்காகப் பெட்டியைப் பார்த்தாள். அன்று டீயை அவரவரே குனிந்து எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் அந்த வாரம் அத்தான் சரியாகப் பேசவில்லை. ஒருமுறை மட்டும் கேட்டார்: "அந்த வெட்டுன துண்டு எங்க?"

"எதுக்கு?"

"சும்மா. பார்க்கலாம்னு."

"கூட்டும்போது போயிருக்கும்" என்றாள் அக்கா.

அலமாரியிலிருந்த கேமரா வெளியே வந்தது அந்த வாரம்தான். படம் எடுப்பது எப்படி என்று எங்களுக்குக் காட்டிவிடுவதாக அத்தானின் முடிவு. மாடியில் ஒரு ரோஜாச் செடி உண்டு. காலையில் அத்தான் மண்டியிட்டுக் கிடந்தார். அக்கா தண்ணீர்ப் புட்டியோடு நின்றாள். "இன்னும் ஒரு சொட்டு. அங்க இல்ல, இங்க. ஐயோ, கெடுத்துட்டியே." இஸ்திரி போடும்போது துணியில் தெளிக்கிற புட்டி அது.

ஞாயிறு, பெட்டியின் மேல் ரோஜா. இதழில் பனித்துளிகள். பின்னால் பெயர், திருப்பாமலே எல்லோருக்கும் தெரிந்த பெயர். எடுத்தவர் பேசக் கூடாது என்பதால் அத்தான் பெட்டியருகில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். டிரில் மாஸ்டர் வெளிச்சம் நல்லாருக்கு என்றார். நர்ஸ் தாள் நல்லாருக்கு என்றார். 'ஆனா' என்று யாரும் ஆரம்பிக்கவில்லை. அவருடைய கடையில், அவருடைய விளக்கின் கீழ், யார் ஆரம்பிப்பது?

"நான் சொல்லலாமா?" என்றாள் அக்கா.

நாற்காலியில் இருப்பவர் சொல்லலாம். சட்டம் அது.

"ரோஜா நல்லாருக்கு. தண்ணி நல்லாருக்கு." சட்டப்படி இரண்டு. "ஆனா, பனி இப்படிச் சொல்லிவெச்ச மாதிரி வரிசையா உக்காராது. யாரோ பக்கத்துல நின்னு தெளிச்சிருக்காங்கன்னு பார்த்தாலே தெரியுது. ஆளு படத்துல இல்ல, ஆனா அவங்க கை வலி தெரியுது."

அவள் முடிக்கவில்லை, மருந்து சொல்ல வேண்டுமே.

"அடுத்த தடவ தண்ணிய எடுக்கிறவரே தெளிச்சுக்கட்டும். இல்லேன்னா பனி வர்ற வரைக்கும் காத்திருக்கட்டும்."

அத்தான் எங்களைப் பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"சார்" என்றார் டிரில் மாஸ்டர், பள்ளிக்கூட வரிசையில் நிற்கவைக்கிற குரலில். "நன்றி மட்டும்தான்."

அத்தான் பெட்டிப் பக்கம் திரும்பி, ரோஜாவைப் பார்த்து "நன்றி" என்றார். பின்னந்தலை வெளிச்சத்துக்கு வந்தது. இருந்த முடியை எல்லாம் இந்த வாரம் பின்னால் வாரிவிட்டிருந்தார். வட்டம் ஓரளவு மறைந்திருந்தது. கிளிப்பிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியபோது, நெற்றி உச்சிவரை வெறிச்சென்று இருந்தது.

"அடுத்தது யாருது?" என்று கேட்டாள் அக்கா.