பன்னிரண்டாம் எண் லாரி

திருச்செல்வம் எண்ணெய் லாரி ஓட்டிய காலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். மூக்கு நீண்ட பச்சை லாரி, பின்னால் தரையை உரசிக்கொண்டே வரும் சங்கிலி. மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் இறக்கிவிட்டு, படகுத்துறைக் கடையில் கோப்பி குடித்துத் திரும்புவார். பத்தொன்பது ஆண்டுகள் ஒரே வண்டி, எண் பன்னிரண்டு. ‘செலாத்தான் சூரியா’ நிறுவனத்தில் ஓட்டுநர்கள் வண்டி மாற்றிக்கொள்வதில்லை.

அவருக்கு எழுபத்தாறு வயதானபோது நிறுவனம் அவரை ஜொகூர் பாருவுக்கு அழைத்தது. பழைய லாரி ஒன்றைப் புதுப்பித்து அலுவலக வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கதவில் 12 என்ற எண். அதன் கீழே பித்தளைத் தகட்டில், ‘ஓட்டுநர் திருச்செல்வம்’.

“எப்படி இருக்கு அங்கிள்?” என்றாள் அதிகாரி நர்மதா.

“நாங்க ஓட்டறப்ப இவ்ளோ சுத்தமா இருந்ததே இல்லம்மா.”

வண்டியோடு இருக்கட்டும் என்று பன்னிரண்டின் பழைய அளவுகோலையும் கொண்டுவந்திருந்தார். தொட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பித்தளைக் கோல் அது. ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கோல். ஒன்றினுடையது மற்றதற்கு உதவாது. ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து இறக்கினார். கோலின் தலை விளிம்புக்கு மேல் ஒரு சாண் நிற்க வேண்டும். முழுக்கோலும் உள்ளே போய்விட்டது.

இவ்வளவு ஆழமான தொட்டி ஒன்பதாம் எண்ணுக்கு மட்டுமே உண்டு. அது அப்துல் ஹலீமின் வண்டி.

கீழே இறங்கி வந்து, படத்துக்கு நின்றார்.

அவரை உயர்த்தி எழுத எனக்கு விருப்பமில்லை. மூன்று நாள் இதை யாரிடமும் சொல்லாமல்தான் இருந்தார். பன்னிரண்டாம் எண் எப்போதோ பழைய இரும்பாகப் போயிருக்க வேண்டும். அத்தனை ஆண்டு ஓட்டியதற்கு மிச்சம் அந்தத் தகடு ஒன்றுதான். அவர் சொல்லாவிட்டால் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான்காம் நாள் பொந்தியானுக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஹலீம் அங்கே மகளின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பவர்.

“பாய், ஜொகூர் ஆபீஸ் வாசல்ல நிக்கிறது உங்க ஒன்பது. என் பேர எழுதி வச்சிருக்காங்க.”

“அலமாக்! என் வண்டிய தகரடப்பான்னு சொன்ன ஆளாச்சே நீ. இப்ப அதுல உன் பேரா?”

“சிரிக்காதீங்க. மாத்தச் சொல்லிடறேன்.”

ஹலீம் சிரிப்பை நிறுத்தினார்.

“இருந்துட்டுப் போவட்டும், லா. யாரு பாக்கப் போறா?”

“நான் பாக்கணுமே, பாய்.”

திருச்செல்வம் விஷயத்தைச் சொன்னதும் நர்மதாவுக்கு முதலில் எரிச்சல்தான், திறப்புவிழா அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது. ஆனாலும் எண்ணை மாற்றினாள், தகட்டையும் மாற்றினாள். திருச்செல்வத்தின் பெயர் எங்கும் இல்லை.

திறப்புவிழாவுக்கு ஹலீம் புதுச் சொங்கோக் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். தன் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்து, கூட்டத்தில் நின்ற திருச்செல்வத்தைக் கைகாட்டி அழைத்தார். அவர் சுற்றி வந்து, உதவியாளான கெலிண்டான் உட்காரும் இடது பக்கம் ஏறினார்.

“டேய் கெலிண்டான், கதவ நல்லா சாத்து.”

“சாத்தியாச்சு. நீங்க எடுங்க பாய்.”